உதவிப் பயணம் வன்முறையில் முடிந்தபின் வீடு திரும்புதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிவாரணப் பொருள் கொண்டுபோன கப்பலோ வண்டியோ மறிக்கப்பட்டு, அடிதடியோ துப்பாக்கிச் சூடோ நடந்து, காவலில் இருந்து நாடுகடத்தப்பட்டு வீடு வந்து சேர்பவர்களுக்காக இந்தப் பக்கம். அவர்களை அழைத்துவரப் போகும் வீட்டாருக்கும், அனுப்பிவைத்த அமைப்புக்கும் இதில் வேலை இருக்கிறது. முதலில் உடம்பு, அடுத்து பதிவு, அதற்குப் பிறகுதான் பேச்சு. இந்த வரிசை மாறும்போதுதான் பெரும்பாலான இழப்புகள் நேர்கின்றன.

உதாரணம் வேண்டிய இடங்களில் மாவி மர்மரா நிகழ்வை எடுத்துக்கொள்கிறோம். 2010 மே 31 விடியற்காலையில், காஸாவுக்கு உதவிப் பொருள் கொண்டுசென்ற ஆறு கப்பல்களை இஸ்ரேலியக் கடற்படை சர்வதேசக் கடற்பரப்பில் மறித்தது. மாவி மர்மராவில் ஏறிய கமாண்டோக்களுக்கும் பயணிகளுக்கும் நடந்த மோதலில் ஒன்பது பயணிகள் கொல்லப்பட்டார்கள். இரு தரப்பிலும் பலர் காயமடைந்தார்கள். பயணிகள் அஷ்தோத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, காவலில் வைக்கப்பட்டு, சில நாட்களில் நாடுகடத்தப்பட்டார்கள். கோமாவில் இருந்த பத்தாவது பயணி 2014 மே மாதம் இறந்தார்.

விமான நிலையத்துக்கு யார் போக வேண்டும்?

வீட்டிலிருந்து ஒருவர், அமைப்பிலிருந்து ஒருவர், முடிந்தால் ஒரு மருத்துவர். அதற்கு மேல் வேண்டாம். கூட்டம், கோஷம், ஒலிபெருக்கி எல்லாம் அன்பினால் வருபவைதான். ஆனால் இரண்டு நாள் முன்பு இரைச்சலுக்கு நடுவே அடிவாங்கியவருக்கு, திடீரென்று எழும் கூச்சல் அதே இரைச்சலாகத்தான் கேட்கும். வரவேற்புக் கூட்டத்தை ஒரு வாரம் தள்ளி வையுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: மாற்று உடை, தண்ணீர், அவர் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், ஒரு மாற்றுக் கைபேசி, கொஞ்சம் காகிதப் பைகள். காகிதப் பை எதற்கு என்பது கீழே வருகிறது. கட்டிப்பிடிப்பதற்கு முன் "எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள். விலா எலும்பு விரிசல் வெளியே தெரியாது.

"எனக்கு ஒன்றுமில்லை" என்கிறார். அன்றே மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டுமா?

போகத்தான் வேண்டும். அதிர்ச்சியில் இருக்கும் உடம்பு வலியைக் கொஞ்ச நாள் மறைத்து வைக்கும். காத்திருக்கக் கூடாதவை சில இருக்கின்றன.

தலையில் அடி என்றால்: கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, குழறும் பேச்சு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, எழுப்பினால் எழாத தூக்கம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வயதானவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் நாட்கள், வாரங்கள் கழித்துக்கூடத் தொந்தரவு காட்டும். முதல் நாள் நன்றாக இருந்தார் என்பது போதாது.

தொடை, முதுகு, பிட்டம் போன்ற சதைப் பகுதிகளில் பலமாக அடிபட்டிருந்தால் சிறுநீரின் நிறத்தைக் கேளுங்கள். கட்டன் தேநீர் நிறத்தில் போனால், சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். ரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் (தசை சிதைந்தால் கூடும் நொதி) அளவு பார்க்கச் சொல்லுங்கள். இது அடிபட்ட முதல் ஒன்றிரண்டு, மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கிவிடும். சிகிச்சைக்கும் சரி, அடிபட்டதற்கான ஆதாரத்துக்கும் சரி, தாமதித்தால் நஷ்டம்தான்.

பக்கத்தில் ஒலிக்குண்டு வெடித்திருந்தால் செவிப்பறையைப் பார்க்கச் சொல்லுங்கள். கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். அதுவரை காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது, மருத்துவர் சொல்லாமல் சொட்டு மருந்தும் விடக் கூடாது. காதுக்குள் ரீங்காரம் இருந்தால் கேட்கும் திறன் சோதனையை எழுத்தில் வாங்கி வையுங்கள். டெட்டனஸ் ஊசியைப் பற்றியும் கேட்டுவிடுங்கள்.

கட்டை விரலின் பின்பக்கம் மரத்துப்போயிருக்கிறது. இது சாதாரணமா?

பிளாஸ்டிக் கட்டினாலோ இரும்பு விலங்கினாலோ மணிக்கட்டை இறுக்கியவர்களுக்கு அடிக்கடி வருவது இது. கட்டை விரல் பக்கமாக எலும்பின் மேல் தோலுக்கு நேர் கீழே ஓடும் நரம்பு நசுங்குகிறது. அது உணர்ச்சி நரம்பு மட்டும்தான். அதனால் கைப்பிடி வலு குறையாது. வலு இருப்பதைப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணை மூடச் சொல்லுங்கள். பஞ்சு நுனியால் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கைப் பக்கம், மெல்லத் தொடுங்கள். பிறகு சுண்டுவிரல் பக்கம் தொடுங்கள். வித்தியாசம் சொன்னால், மரத்த இடத்தின் எல்லையைப் பேனாவால் தோலின் மேலேயே வரைந்து, தேதி எழுதிப் படம் எடுங்கள். நரம்புக் கடத்தல் சோதனை உடனே செய்தால் பலமுறை சரியாக இருப்பது போலவே வரும். இரண்டு மூன்று வாரம் கழித்துச் செய்வதே தெளிவாகக் காட்டும். பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் மெல்லத் திரும்பிவிடும், சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை.

காயங்களைப் படம் எடுப்பது எப்படி?

அவருடைய சம்மதத்தோடு, குளிப்பதற்கு முன்பு, ஒரே நாளில் முடித்துவிடாமல். ஒவ்வொரு காயத்துக்கும் மூன்று படம்: உடம்பில் எந்த இடம் என்று தெரியும்படி தள்ளி நின்று ஒன்று, நடுத்தூரத்தில் ஒன்று, அருகே ஒன்று. அருகே எடுக்கும்போது காயத்தின் பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள். அளவுகோல் இல்லாமல் ஒரு படம், அளவுகோலோடு ஒரு படம் என்று எடுத்தால் அடியில் எதையோ மறைத்தார்கள் என்ற கேள்வி வராது. கேமரா காயத்துக்கு நேராக இருக்கட்டும். சாய்த்துப் பிடித்தால் நீளம் குறைந்து தெரியும். பகல் வெளிச்சமே நல்லது. மஞ்சள் பல்பு ரத்தக்கட்டின் நிறத்தையே மாற்றிவிடும்.

ஆழமான ரத்தக்கட்டு மேலே தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும். அதனால் அதே இடங்களை மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் மறுபடி எடுங்கள். தடியடியின் தடம் தனியாகத் தெரியும்: இணையாக இரண்டு சிவந்த கோடுகள், நடுவில் வெளிறிய பட்டை. இது சில நாட்களில் கலைந்துவிடும். கலைந்தபின் அது எதனால் வந்தது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்று கவனம்: ரத்தக்கட்டின் நிறத்தைப் பார்த்து "இது இத்தனை நாள் பழசு" என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. மஞ்சள் நிறம் வந்திருந்தால் குறைந்தது பதினெட்டு மணி நேரமாவது ஆகியிருக்கும், அவ்வளவுதான். உங்கள் அறிக்கையில் நிறத்தை வைத்துத் தேதி எழுதாதீர்கள், எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

மூலப் படங்களைத் திருத்தவோ வெட்டவோ கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறையும், நேரம், இடம் பற்றிய உள் விவரங்களும் போய்விடும். மூலக் கோப்பை அப்படியே இரண்டு சாதனங்களில் பிரதி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எஸ்.எச்.ஏ.-256 கைரேகை எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி தரும் அடையாள எண்) கணக்கிட்டு எழுதி வையுங்கள். ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால், படம் தொடப்படவில்லை என்று பின்னால் காட்ட அது உதவும்.

மருத்துவர் என்ன எழுதித் தர வேண்டும்?

"உடலில் பல காயங்கள்" என்ற ஒற்றை வரிச் சான்று எதற்கும் பயன்படாது. சித்திரவதையையும் கொடுமையான நடத்தையையும் ஆவணப்படுத்த இஸ்தான்புல் நெறிமுறை என்ற ஐ.நா. கையேடு 1999 முதல் இருக்கிறது. 2022இல் திருத்தப்பட்டது. அதைப் பற்றித் தெரிந்த மருத்துவர் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் கையேட்டையே கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். காயத்தின் இடம், வடிவம், அளவு, நிறம், உடல் வரைபடத்தில் குறியீடு, அவர் சொன்ன காரணம், அந்தக் காரணத்துக்கும் காயத்துக்கும் உள்ள பொருத்தம் ஆகியவை வேண்டும். பொருத்தத்தை ஐந்து படிகளில் சொல்வது வழக்கம்: பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, இதற்கே உரிய தன்மையுடையது, இதைத் தவிர வேறு எதனாலும் வந்திருக்க முடியாது. மருத்துவர் மிகைப்படுத்தி எழுத வேண்டாம். உள்ளதை உள்ளபடி "பொருந்துகிறது" என்று எழுதுவதற்கே வலு அதிகம்.

இதற்கு எவ்வளவு கனம் என்பதற்கு மாவி மர்மராவே சாட்சி. இறந்தவர்களில் பெரும்பாலோர் பலமுறை சுடப்பட்டிருந்தார்கள், முதுகிலும் மிக அருகிலிருந்தும் சுடப்பட்டிருந்தார்கள் என்ற தடயவியல் ஆதாரத்துக்குப் போதுமான விளக்கம் தரப்படவில்லை என்று, ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த குழு 2011இல் எழுதியது. காஸாவுக்கு இஸ்ரேல் விதித்திருந்த கடல் முற்றுகையே சட்டப்படியானது என்று சொன்ன அதே குழுதான் இதையும் எழுத வேண்டியிருந்தது. எழுத வைத்தது பிணக்கூறாய்வு அறிக்கை.

போட்டிருந்த உடைகளைத் துவைக்கலாமா?

வேண்டாம். ரத்தம் ஈரமாக இருந்தால் நிழலில் காயவிட்டு, ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து ஆதாரம் அழியும். பையின் மேல் என்ன துணி, யாருடையது, யார் எப்போது போட்டு மூடினார்கள் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். பை கை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி சேர வேண்டும். கண்ணீர்ப் புகை பட்ட துணியைக் கையுறையோடு தொடுங்கள். குழந்தைகள் இருக்கும் அறையில் வைக்காதீர்கள்.

காவலில் உண்ணாவிரதம் இருந்தார். வந்ததும் வயிறாரச் சாப்பாடு போடலாமா?

கூடாது. அன்பே ஆபத்தாகும் இடம் இது. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாதவருக்குத் திடீரென்று நிறையச் சோறோ இனிப்போ கொடுத்தால், ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சடாரென்று இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம். அப்படிப்பட்டவர் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனையோடுதான் சாப்பிடத் தொடங்க வேண்டும். முதல் இரண்டு நாள் வழக்கமான தேவையில் பாதிக்கு மேல் வேண்டாம். உணவுக்கு முன்பே தயமின் (வைட்டமின் பி1) கொடுக்கத் தொடங்குவார்கள். பத்து நாளைத் தாண்டியிருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல், அப்போது வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது.

பாலியல் வன்முறை நடந்திருக்கலாம் என்று சந்தேகம். கேட்பது எப்படி?

நேரடியாக வற்புறுத்திக் கேட்காதீர்கள். ஆடை களைந்த சோதனை உட்படக் காவலில் என்ன நடந்திருந்தாலும் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம், ஆனால் சில சிகிச்சைகளுக்கு மட்டும் கெடு இருக்கிறது என்று தெரியப்படுத்துங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கருத்தடைக்கான அவசர மருந்துக்கு ஐந்து நாள் வரை நேரம் உண்டு. ஆண்களுக்கும் இது நடக்கிறது, அவர்கள் சொல்வது இன்னும் குறைவு. காவல்துறையில் புகார் கொடுக்காமலே சிகிச்சை பெறலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். மருத்துவமனையில் முதல் கேள்வியாக அதைக் கேட்டுவிடுங்கள்.

நடந்ததை எப்போது, எப்படி எழுதி வைப்பது?

முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள், தூங்கி எழுந்தபின், தனியாக. காணொளிகளையும் செய்திகளையும் பார்ப்பதற்கு முன்பு. சக பயணிகளோடு உட்கார்ந்து பேசுவதற்கும் முன்பு. திரையில் பார்த்ததும் நண்பர் சொன்னதும் ஒரு வாரத்தில் நம் நினைவாகவே மாறிவிடும். இதில் யாருக்கும் பொய் சொல்லும் எண்ணம் இருக்காது, நினைவு வேலை செய்யும் விதமே அது. பத்துப் பேரின் வாக்குமூலம் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தால் விசாரணை செய்பவர் பத்தையும் தள்ளிவைத்துவிடுவார்.

கண்டது, கேட்டது, பின்னால் தெரிந்துகொண்டது ஆகிய மூன்றையும் பிரித்து எழுதுங்கள். மணி தெரியாவிட்டால் ஊகித்து எழுத வேண்டாம், "விடிவதற்கு முன்பு", "இரண்டாவது சத்தத்துக்குப் பிறகு" என்று வரிசை சொன்னால் போதும். நின்ற இடத்தை வரைந்து காட்டுங்கள்: எந்தத் தளம், படி எந்தப் பக்கம், முன்னால் யார் மறைத்து நின்றார்கள். உங்கள் தரப்பில் யாராவது கையில் கம்பு எடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள். விட்டுவிட்டு, அது காணொளியில் வெளியே வந்தால், மீதி அத்தனை உண்மையும் சேர்ந்து சாய்ந்துவிடும். எழுதி முடித்து ஒவ்வொரு பக்கத்திலும் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு வழக்குரைஞரிடம் கொடுங்கள். பின்னால் ஏதாவது நினைவுக்கு வந்தால் பழையதைத் திருத்தாதீர்கள், புதிய தேதியில் தனித்தாளில் எழுதுங்கள்.

புரியாத மொழியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அது என்னைக் கட்டுப்படுத்துமா?

நாடுகடத்தும்போது இது வழக்கமாக நடப்பது. "சட்டவிரோதமாக நுழைந்தேன்" என்று ஒப்புக்கொள்வதும், "மறு முறையீடு வேண்டாம்" என்பதும் அதில் இருக்கலாம். படித்துக் காட்டினார்களா, மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா, வழக்குரைஞரைக் கேட்டீர்களா, எத்தனை மணி நேரம் தூக்கமில்லாமல் இருந்தீர்கள் என்பதை வாக்குமூலத்திலேயே எழுதுங்கள். 1963ஆம் ஆண்டின் தூதரக உறவுகளுக்கான வியன்னா ஒப்பந்தம், 36ஆம் பிரிவின்படி, காவலில் உள்ள வெளிநாட்டவர் கேட்டால் அவருடைய தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் போக வேண்டும். அந்த உரிமை இருப்பதை அவரிடம் சொல்லவும் வேண்டும். சொன்னார்களா, எப்போது சொன்னார்கள், தூதரக அதிகாரி எப்போது வந்தார் என்று குறித்து வையுங்கள்.

பாஸ்போர்ட், கைபேசி, கேமரா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள்.

வந்த வாரத்திலேயே பட்டியல் போடுங்கள்: பொருள், மாதிரி, வரிசை எண், எங்கே எந்தச் சீருடையினர் எடுத்தார்கள், ரசீது கொடுத்தார்களா. வாங்கிய பில், பழைய பெட்டி, கைபேசியின் ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய அடையாள எண்) ஆகியவற்றைத் தேடி எடுங்கள். வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுத்தில் கொடுத்துப் பெறுகைச் சான்று வாங்குங்கள். வங்கி அட்டைகளை முடக்குங்கள். 2010 கப்பல்களில் பயணிகளின் கேமராக்களும் கணினிகளும் கைப்பற்றப்பட்டன. அதனால் முதல் நாட்களில் உலகம் பார்த்த காட்சிகள் பெரும்பாலும் ஒரு தரப்பு தேர்ந்து வெளியிட்டவை. பட்டியல் வெறும் பணக் கணக்குக்கு மட்டுமல்ல, எந்த ஆதாரம் யாரிடம் இருக்கிறது என்பதற்கும்தான்.

திரும்பக் கிடைத்த கைபேசியை மறுபடி பயன்படுத்தாதீர்கள். இயக்காமல் பையில் போட்டு வையுங்கள். வேறு சாதனத்திலிருந்து மின்னஞ்சல் தொடங்கி எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, திறந்திருக்கும் எல்லா உள்நுழைவுகளையும் வெளியேற்றுங்கள். தொடர்புப் பட்டியலில் இருந்தவர்களுக்கு, குறிப்பாகப் போய்ச் சேர வேண்டிய இடத்தில் உங்களை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களுக்கு, சொல்லிவிடுங்கள். அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

செய்தியாளர்கள் வாசலில் நிற்கிறார்கள்.

முதல் நாள் நாலு வரி அறிக்கை போதும், அதையும் வேறொருவர் வாசிக்கலாம்: வந்து சேர்ந்துவிட்டார், சிகிச்சை பெறுகிறார், இன்னும் காவலில் இருப்பவர்களை விடுவிக்க வேண்டும், இன்ன நாளில் பேசுவார். காவலில் இருப்பவர்களின் பெயரையோ அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையோ ஒருபோதும் சொல்லாதீர்கள். இறந்தவர் பெயர், அவர் வீட்டுக்குத் தகவல் போனபின்தான். நேரலை நிகழ்ச்சியைத் தவிருங்கள். களைப்பில் சொல்லும் ஒரு தவறான எண், வழக்கு முழுவதும் கூடவே வரும். "எத்தனை குண்டுகள் சுட்டார்கள்?" என்று கேட்டால், "எண்ணவில்லை" என்பது முழுமையான பதில்.

தூக்கமில்லை, கதவு சாத்தும் சத்தத்துக்கே திடுக்கிடுகிறார். மனநல மருத்துவரிடம் இழுத்துப் போகலாமா?

முதல் வாரங்களில் இது உடம்பின் இயல்பான எதிர்வினை. பெரும்பாலோருக்குத் தானாகக் குறையும். அப்போது வேண்டியது தூக்கம், நேரத்துக்கு உணவு, நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருப்பது, அடுத்து என்ன நடக்கும் என்ற தெளிவு. எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து நடந்ததை விவரமாகச் சொல்லவைக்கும் ஒருநாள் கூட்டத்தை நல்லெண்ணத்தோடுதான் அமைப்புகள் நடத்துகின்றன. அது உதவுவதில்லை, சிலருக்குக் கெடுதல் செய்கிறது. பிரிட்டனின் 2018 மருத்துவ வழிகாட்டுதல் அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. வருமுன் காப்பதாக நினைத்துத் தூக்க மாத்திரை வகை மருந்துகளைக் கொடுப்பதையும் அது ஏற்கவில்லை.

ஒரு மாதம் தாண்டியும் காட்சிகள் திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, எப்போதும் உஷார் நிலையில் இருப்பது, யாரோடும் ஒட்டாமல் போவது நீடித்தால் சிகிச்சை வேண்டும். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சு சிகிச்சைகள் வழக்கமாக 8 முதல் 12 அமர்வுகள், நல்ல பலன் தருபவை. சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், அன்றே அழைத்துப் போங்கள், தனியாக விடாதீர்கள்.

வீட்டில் என்ன பேசுவது?

"அங்கே ஏன் போனாய்?" என்ற கேள்வியை ஆறு மாதம் கேட்காதீர்கள். "சாப்பிடுகிறாயா?", "விளக்கு எரியட்டுமா?" இவை போதும். குழந்தைகளிடம் உண்மையைச் சின்னதாகச் சொல்லுங்கள்: அப்பாவை அடித்தார்கள், இப்போது வீட்டில் பத்திரமாக இருக்கிறார், சத்தம் போட்டால் பயப்படுகிறார், அது உன்மேல் கோபமில்லை. ஒன்றும் சொல்லாமல் விட்டால் தன்னால்தான் என்று குழந்தை நினைத்துக்கொள்ளும்.

இறந்துபோன தோழரின் வீட்டுக்குப் போகலாமா?

அவர்கள் கூப்பிட்டால் போங்கள். தனியாகப் போகாதீர்கள். "வலித்ததா?", "கடைசியாக என்ன சொன்னான்?" என்று நிச்சயம் கேட்பார்கள். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். ஆறுதலுக்காகச் சொல்லும் பொய், பின்னால் பிணக்கூறாய்வு அறிக்கை அவர்கள் கைக்கு வரும்போது இரண்டாம் முறை அவர்களைக் கொல்லும். கோபத்தில் "நீ மட்டும் எப்படி வந்தாய்?" என்று ஒருவர் கேட்கலாம். அதற்குப் பதில் தேட வேண்டியதில்லை. உட்கார்ந்திருங்கள்.

வழக்கு எங்கே போடுவது? எவ்வளவு காலம் ஆகும்?

மூன்று கதவுகள் உண்டு: சம்பவம் நடத்திய நாட்டின் நீதிமன்றம், உங்கள் சொந்த நாட்டின் நீதிமன்றம், கப்பல் என்றால் அது எந்த நாட்டுக் கொடியில் பதிவாகியிருந்ததோ அந்த நாடு. கொடியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாவி மர்மரா கொமொரோஸ் கொடியில் இருந்தது. அதனால்தான் அந்தச் சிறு தீவு நாடு 2013 மே மாதம் விஷயத்தை சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்ப முடிந்தது. போர்க்குற்றம் நடந்ததாக நம்ப முகாந்திரம் இருந்தாலும் வழக்குத் தொடரும் அளவுக்குக் கனமானதல்ல என்று 2014இல் வழக்குத்தொடுநர் முடிவு செய்தார். மறுபரிசீலனை கோரி நடந்த இழுபறி 2020 வரை போனது. துருக்கி நீதிமன்றத்தில் நடந்த குற்ற வழக்கு, 2016இல் துருக்கி, இஸ்ரேல் இரு அரசுகளும் 2 கோடி டாலர் இழப்பீட்டோடு சமரசம் செய்துகொண்டபின் அதே ஆண்டு கைவிடப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் அதற்குச் சம்மதிக்கவில்லை. உங்கள் வழக்கு உங்கள் கையில் இல்லாமல் போகலாம் என்பதை வழக்குரைஞர் முதல் நாளே சொல்ல வேண்டும். இழப்பீட்டுக் கோரிக்கைக்குக் காலக்கெடு சில நாடுகளில் மிகக் குறுகியது. அதனால் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

ஐ.நா.வின் இரண்டு அறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டனவே?

ஆம். மனித உரிமைக் கவுன்சில் அனுப்பிய குழு நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, முற்றுகையே சட்டவிரோதம் என்று 2010 செப்டம்பரில் சொன்னது. பொதுச்செயலாளரின் குழு முற்றுகை சட்டப்படியானது, ஆனால் பயன்படுத்திய பலம் அளவுக்கு மீறியது, நியாயமற்றது என்று 2011இல் சொன்னது. அந்தக் குழுவுக்குச் சாட்சிகளை வரவழைக்கும் அதிகாரம் இல்லை, இரு அரசுகள் கொடுத்த அறிக்கைகளை வைத்தே வேலை செய்தது. எந்தக் குழுவுக்கு வாக்குமூலம் கொடுத்தாலும் அதன் அதிகாரம் என்ன, உங்கள் பெயர் வெளியாகுமா, யார் கையில் போகும் என்று கேட்டபின் கொடுங்கள்.

வேலைக்கு எப்போது திரும்பலாம்?

தலையில் அடிபட்டிருந்தால் முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, பிறகு படிப்படியாக. மற்றபடி, பாதி நேர வேலையாகத் தொடங்குவது வீட்டில் சும்மா இருப்பதைவிட நல்லது.

மறுபடியும் போக விரும்புகிறார். தடுக்கலாமா?

முதல் மூன்று மாதங்களில் எடுக்கும் முடிவில் குற்றவுணர்ச்சியின் பங்கு பெரியது. போவதானாலும் போகாவிட்டாலும் அந்த முடிவைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள், அமைப்பும் அந்தக் காலத்துக்குள் அவரைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. நாடுகடத்தல் உத்தரவில் எத்தனை ஆண்டு நுழைவுத் தடை என்று பாருங்கள். மற்ற நாட்டு விசா விண்ணப்பங்களில் "எங்காவது நாடுகடத்தப்பட்டீர்களா?" என்ற கேள்விக்கு இனி "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். பொய் எழுதினால் அந்தக் கதவும் மூடும். காதும் மணிக்கட்டும் ஆறிவிட்டனவா என்று மறுபரிசோதனை செய்து, அந்த அறிக்கையையும் பழைய கோப்பிலேயே சேர்த்து வையுங்கள்.